அம்மாவின் விரல்கள்

"என்ட கையையா படம் புடிச்சுப் போட்ட, புள்ள?"

காலையில் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்து அம்மா கேட்டா.

மூன்று மாதமாக, அம்மா உடைக்கும் முந்திரிப் பருப்பை விற்க, "தரமான வறுத்த கஜு, குறைந்த விலை" என்றே போட்டுக்கொண்டிருந்தேன். லைக் விழும், ஓடர் விழாது. நேற்றிரவு அந்த விரல்களைப் போட்டேன்.

கஜுக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் கொப்பளிக்கும். சுட்ட பிறகும் மிச்சம் கசியும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் அம்மா உடைப்பா. அப்படியும் நகக்கண்ணெல்லாம் கறுப்பு, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கலியாண வீட்டில் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் இருப்பா.

அதைத்தான் எழுதினேன். விடிவதற்குள் 14 ஓடர், கொழும்பிலிருந்து கூட.

"சுனாமிக் கதையையும் எழுது, இன்னும் போகும்" என்றாள் ஒரு சிநேகிதி.

மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் 2004 டிசம்பர் 26 இல்லாத வீடு எது? அதை 250 கிராம் பக்கெற்றில் ஒட்ட எனக்கு மனமில்லை.

சரி, அம்மாவின் கையையும் கேட்டுத்தானே போட்டிருக்க வேண்டும். எடுத்துவிடவா என்றேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"கிடக்கட்டும். அடுத்த முறை மோதிரத்தப் போட்டிட்டு வாறன், அப்ப எடு."