எடி கோர்டோ ஆடியது போங்காட்டமா?

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான டெக்கன் 3 கொடிகட்டிப் பறந்த காலத்தில், பாளையங்கோட்டையில் நாங்கள் பள்ளி விட்டதும் போய் உட்காரும் வீடியோ கேம் கடையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: அதில் வரும் எடி கோர்டோ என்னும் வீரரை ஆட எடுக்கக் கூடாது. "ஏலே, எடிய எடுத்தா எந்திரிச்சுப் போயிரணும்" என்று கடைக்கார அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லிவிடுவார். அந்தத் தடை தேவையற்றது என்பதே என் கருத்து. ஆனால் தடை என்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை.

எடி, பிரேசிலின் கபோய்ரா முறையில் சண்டையிடுபவர். எக்ஸ், வட்டம் என்னும் இரண்டு உதை பட்டன்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறித் தட்டினாலே போதும். தலைகீழாக நின்றும், தரையில் படுத்தும், சுழன்றும் உதைத்துக்கொண்டே இருப்பார். அதே விளையாட்டில் வரும் கிங் என்னும் மல்யுத்த வீரரின் பிடிகளை வரிசை தவறாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களை, அன்றுதான் கன்ட்ரோலரைத் தொட்ட ஐந்தாம் வகுப்புப் பையன் வீழ்த்திவிடுவான். அந்த அவமானத்தோடு காசும் சேர்ந்துகொண்டது. தோற்றவர் எழ வேண்டும், வென்றவர் உட்கார்ந்தே ஆடலாம் என்பது கடை வழக்கம் என்பதால், எடியை வைத்திருப்பவன் எல்லோருடைய நேரத்தையும் தானே ஆடித் தீர்த்துவிடுவான். தடை கேட்டு நாங்கள் எழுப்பிய குரலில் நியாயத்தைவிட இந்த வயிற்றெரிச்சலே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஏனெனில் எடியை முறியடிக்க வழி இருந்தது. பட்டனைத் தட்டுபவனின் பலம் பெரும்பாலும் காலை வாரும் தாழ்ந்த உதைகளில்தான் இருக்கும். நின்றபடி தடுப்பவர்களுக்கு அவை அத்தனையும் விழும். கீழும் பின்னுமாகச் சேர்த்து அழுத்திக் குனிந்து தடுத்தால் உதை வீணாகும். அவன் கையை நிறுத்தாமல் அடுத்த உதைக்குப் போகும் இடைவெளியில், குனிந்த நிலையிலிருந்து எழும்போதே அடிக்கும் அடி அவன் மேல் விழும். குனிந்திருப்பவரைப் பிளக்கும் நடுத்தர உயர உதைகளும் எடியிடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் எந்த உதை எப்போது வரும் என்பது தட்டுகிறவனுக்கே தெரியாது. பார்த்துப் பழகியவருக்குத் தெரிந்துவிடும்.

அதே விளையாட்டின் பிளேஸ்டேஷன் பதிப்பில் மட்டும் வந்த கான் என்னும் குட்டி டைனோசரின் கதை வேறு. உருவம் அவ்வளவு சிறியது என்பதால், மற்றவர் முகத்தைக் குறிவைத்து வீசப்படும் குத்துகள் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். எதிராளி தன் ஆயுதங்களில் பாதியைத் தொடங்குவதற்கு முன்பே இழந்துவிடுகிறார். இங்கே கற்றுக்கொள்ளச் சொல்வது கண்துடைப்பு. (வேடிக்கை என்னவென்றால், எங்கள் கடையில் கானை யாரும் தடுக்கவில்லை, பார்த்துச் சிரித்தார்கள்.)

1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ என்னும் இன்னொரு சண்டை விளையாட்டில் ஒளித்து வைக்கப்பட்ட அகுமா என்னும் வீரரையும் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன். மற்றவர்கள் தரையில் நின்று நெருப்புப் பந்தை எறிய, அவர் மட்டும் தாவியபடியே கீழ்நோக்கிச் சாய்வாக எறிவார். மூலையில் சிக்கியவருக்குத் தடுத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. அமெரிக்கப் போட்டிகளில் அவருக்குத் தடை விதித்தது பயத்தினால் அல்ல. அவரை அனுமதித்தால் மற்ற அத்தனை பேரையும் எடுப்பதில் அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இப்போது இந்தத் தீர்ப்பைக் கடைக்காரரோ போட்டி நடத்துபவரோ வழங்க வேண்டியதில்லை. தயாரிக்கும் நிறுவனமே இணையம் வழியாகத் திருத்திவிடுகிறது. டெக்கன் 7இல் 2019 டிசம்பரில் சேர்க்கப்பட்ட லீராய் ஸ்மித் என்னும் புதிய வீரர், அடுத்த மாதமே நடந்த ஈவோ ஜப்பான் என்னும் சண்டை விளையாட்டுப் போட்டியின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேரின் தேர்வாக இருந்தார். கோப்பையை வென்ற தாய்லாந்துக்காரரும் அவரைத்தான் எடுத்திருந்தார். பிறகு லீராயின் பலம் குறைக்கப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் அந்த வழக்கத்தால் ஒரு கெட்ட பழக்கமும் வந்திருக்கிறது. வண்ணார்பேட்டைப் பக்கம் டெக்கன் 8 ஆடும் என் சித்தி மகன், ஒரே உதையில் திரும்பத் திரும்ப விழுந்தாலும் பயிற்சிப் பகுதிக்குள் போய் அதை நிறுத்திப் பார்ப்பதில்லை. "அடுத்த அப்டேட்ல கொறச்சிருவாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தானும் அதே ஆளை எடுத்துக்கொள்கிறான்.