அடிஸ் அபாபா குறிப்புகள்: தினமும் சிங்கத்தில் ஏறிப் போகிறேன்

பிப்ரவரி 20, 2025

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறார்: "சிங்கத்தைப் பார்த்தியாப்பா?" தினமும் ஏறித்தான் போகிறேன் என்று பதில் போட்டேன். பொய்யில்லை. இந்த ஊர் டவுன் பஸ்ஸின் பெயர் அன்பெசா. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் சிங்கம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு பாடம் நடத்த இங்கே வந்தபோது என் பெட்டியில் இருந்தவை: எட்டு கிலோ அரிசி, பால் பவுடர், கும்பகோணத்தில் அரைத்த காபித்தூள் ஒரு கிலோ. காபி பிறந்த நாட்டுக்குக் காபித்தூள்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

பிப்ரவரி 25

நேற்று எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் பெரிய நோன்பு தொடங்கியது. ஈஸ்டர் வரை 55 நாள் இறைச்சி, பால், முட்டை கிடையாது. எந்தக் கடையிலும் 'பெயாய்நெத்து' என்றால் போதும், இஞ்ஜெரா ரொட்டி மேல் பருப்பு, கீரை, பீட்ரூட் என்று வட்டமாக வைத்துத் தருகிறார்கள். இங்கே சைவம் கிடைக்காது என்று என்னைப் பயமுறுத்தியவர்கள் எத்தனை பேர்! படம் அனுப்பினேன். "தோசை மாதிரி இருக்கே, புளிச்சிருக்குமோ?" என்றாள் அம்மா. சரியாகப் பிடித்துவிட்டாள்.

பிப்ரவரி 27

இன்று வாய் சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டுக்கார அம்மா பச்சைக் காபிக்கொட்டையை வறுத்து, இடித்து, மண் ஜாடியில் காய்ச்சிக் கொடுத்தார். மூன்று சுற்று: அபோல், தோனா, பரகா. இரண்டாவது சுற்றில், சின்ன வயதில் உங்கள் நாட்டைப் பஞ்சப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன் என்று உளறிவிட்டேன்.

அவர் வொல்லோ பக்கத்துக்காரர். 1984 பஞ்சம் கடுமையாகத் தாக்கிய பகுதி அது. கோபப்படவில்லை. "அது பொய்யில்லை மெம்ஹிர் (வாத்தியாரை அப்படித்தான் அழைப்பார்கள்). நானே தானியத்துக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் கல்யாணம் பண்ணினேன், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், இந்த வீட்டைக் கட்டினேன். இதையெல்லாம் படம் எடுக்க யாரும் வரவில்லை."

பரகா சுற்றையும் ஊற்றினார். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படங்களில் இல்லாத இன்னொன்றும் உண்டு. வறட்சி மட்டும் காரணமில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மக்கள் பட்டினியில் கிடந்த அதே 1984 செப்டம்பரில் டெர்க் ராணுவ அரசு, மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சியின் பத்தாம் ஆண்டை இந்த நகரத்தில் ஆடம்பரமாகக் கொண்டாடியது.

மார்ச் 2

அத்வா வெற்றி நாள், இத்தாலியப் படையை எத்தியோப்பியா தோற்கடித்ததன் நினைவு. மெனெலிக் சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. வெள்ளை உடை, கேடயம், ஈட்டி. சிலர் தலையில் பிடரிமயிர்க் கிரீடம். சித்தப்பா, இதோ உங்கள் சிங்கம்.

அந்தச் சண்டை ஒரு வார்த்தையில் தொடங்கியது. 1889இல் இத்தாலியுடன் போட்ட உச்சாலி ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு: பிற நாடுகளுடன் பேச இத்தாலியின் உதவியைப் பேரரசர் மெனெலிக் பெறலாம் என்றது அம்ஹாரிக் பிரதி, இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்றது இத்தாலியப் பிரதி. 'லாம்' எங்கே, 'வேண்டும்' எங்கே! மெனெலிக் ஒப்பந்தத்தையே தள்ளிவிட்டார். படை வந்தது. மெகெலே கோட்டையில் இருந்த இத்தாலியர்களுக்குத் தண்ணீர் போகாமல் ஊற்றை மடக்கும் யோசனை பேரரசி தைத்துவினுடையது என்கிறார்கள். 1896இல் அத்வா மலைகளுக்கிடையே இத்தாலியப் படை ஒரே நாளில் சிதறியது.

என்னுடன் வந்த மாணவன் ஒரோமோ இனத்தவன். கூட்டத்தோடு சேர்ந்து கத்தினான். திரும்பும் வழியில், "எங்கள் தெற்கு நிலங்களைப் படையெடுத்துப் பிடித்தவரும் மெனெலிக்தான் சார். தாத்தா அவர் பெயரையே சொல்ல மாட்டார்" என்றான். அப்புறம் ஏன் வந்தாய் என்றேன். "அத்வாவில் சண்டை போட்டவர்களில் எங்கள் ஆட்களும் உண்டே." அத்வா இருக்கும் வடக்கு மாநிலமான திக்ரேயில் 2022 வரை நடந்த போரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

மார்ச் 4

பிரிக்காமல் கிடந்த கும்பகோணம் காபித்தூளைக் கண்டுபிடித்தேன். ஃபில்டரில் இறக்கி, பால் ஊற்றி, வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"பால் கலந்திருக்கிறாயே. நோன்பு முடியட்டும்."

ஏப்ரல் 20 வரை காத்திருக்க வேண்டும்.