கஸ்தூரியார் வீதி, இரவு எட்டுக்குப் பிறகு

ஒக்டோபர் 11

நகைக்கடைகளின் றோலர் கதவுகள் இறங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி வேறொரு வீதி. சாமத்திய வீடு ஒன்றில் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே, எதிர் விறாந்தையில் படுக்க உரப்பையை விரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை 200 மில்லிமீற்றர் தூர லென்ஸால் எடுத்தேன். நாலு படம். வீட்டில் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நாலாவதில் அவ என்னைக் கண்டுவிட்டா. சேலைத் தலைப்பு முகத்துக்குப் பாதி வழியில் நிற்கிறது.

நல்ல ஒளி. நல்ல படமும்தான். நித்திரை வரவில்லை.

ஒக்டோபர் 12

நாலையும் அழித்தேன்.

அந்தத் தலைப்பு நான் முந்தியே கண்டது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, மழைக்குள், செம்மணி வீதியால் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போன இலட்சக்கணக்கான சனத்தில் நாங்களும் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையோரம் அம்மா மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது யாரோ கமராவோடு வந்தார். அம்மா தலைப்பை இழுத்து முகத்தை மூடினா. கேட்டிருந்தால் சீப்பால் தலை இழுத்து, எங்களையும் பக்கத்தில் நிறுத்தியிருப்பா. அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

ஒக்டோபர் 14

கமரா இல்லாமல் போனேன். பஸ் நிலையத்தடியில் இரண்டு பிளேன்ரீ வாங்கி ஒன்றை அந்த விறாந்தை அம்மாவுக்குக் கொடுத்தேன்.

"அண்டைக்கு அங்கால நிண்டு படம் எடுத்தது நீர்தானே தம்பி?"

ஓம் என்றேன். அழித்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

"அழிச்சது சரி. எடுக்க முந்தி எல்லோ கேக்கோணும்."

பிறகு, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றா. கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும், எந்தக் கடைக்காரர் விடிய நேரத்துக்கு வந்து எழுப்புவார் என்பதைப் பற்றியும் கதைத்தோம். அவவின் பெயரைக் கேட்டேன். இங்கே எழுதவில்லை.

ஒக்டோபர் 17

மழை. கலியாண அல்பம் ஒன்று முடிக்கக் கிடக்கிறது, கை ஓடவில்லை. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டொரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பிடுங்கும் கூலிகளின் முகாமில் எடுத்த அந்தத் தாயின் படத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 32 வயது. இரண்டு பிள்ளைகள் அவரின் தோளில் முகத்தைப் புதைத்திருக்கிறார்கள். படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் முகாமுக்கு உணவு அனுப்பியது. அது வந்தபோது அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. லாங் பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே விட்டிருக்கலாம் என்று தொம்சன் சொன்னார். உலகமே பார்த்த முகம்; அவருக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

ஒக்டோபர் 21

படம் எடுக்கலாமோ என்று அந்த அம்மாவிடம் இன்றைக்குக் கேட்டேன். "பொறும்" என்றுவிட்டுச் சீப்பை எடுத்துத் தலை இழுத்தா. உரப்பையைத் தூணுக்குப் பின்னால் தள்ளினா. படம் எடுப்பவனுக்கு அந்த உரப்பைதான் வேண்டும், அது இருந்தால்தான் பார்க்கிறவனுக்கு விளங்கும் என்று என் கை துடித்தது. விட்டுவிட்டேன். அவ காட்ட விரும்பாததை நான் காட்டினால், அந்த எதிர்ப்பக்கத்து லென்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கிட்ட இருந்து எடுக்கிற 35 மில்லிமீற்றர் லென்ஸ். பிளாஷ் போடவில்லை, தெருவிளக்கு போதும். நானும் சீமெந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். நின்றுகொண்டு எடுத்தால் யாரும் சின்னனாகத்தான் தெரிவார்கள். எடுத்த மூன்றையும் திரையில் காட்டினேன். நான் ஒதுக்க நினைத்த, கொஞ்சம் ஆடிப்போன படத்தைத்தான் தெரிவு செய்தா. அதில் சிரிக்கிறா.

முகப்புத்தகத்தில் போடலாமோ என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. மகள் பாப்பாள்."

பிறந்தநாள் பனரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிற படங்களில் இரண்டு தரம் தன்னையும் நிறுத்தினவையாம். பசி, என்ன செய்யிறது என்றா. பார்சல் வாங்கிய கைக்கு முகத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குறிப்புகளோடு படம் எதுவும் வராது.

ஒக்டோபர் 24

மழைக்குத் தாங்கட்டும் என்று படத்தை லமினேட் செய்து கொண்டுபோனேன். கனநேரம் பார்த்தா. கொழுவச் சுவர் இல்லை. சொப்பிங் பைக்குள் இருந்து இன்னொரு பையை எடுத்து, அதற்குள் வைத்தா. அதற்குள் ஏற்கெனவே மடிப்பில் கிழிந்த ஒரு தாள் இருந்தது. தொலைந்துபோன அடையாள அட்டையின் போட்டோப் பிரதி.

"ஐடிக்கு உம்மால ஒரு படம் எடுத்துத் தரேலுமோ?"

இத்தனை நாளும் அவவுக்குத் தேவைப்பட்ட படம் அதுதான். என்னால் அது ஏலாது. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவில்தான் எடுக்கவேண்டும். பொலிஸ் முறைப்பாடு, விதானையாரின் (கிராம அலுவலரின்) கையொப்பம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விலாசம். பிரதியில் இருக்கும் விலாசம் வலிகாமம் வடக்கில் ஒரு ஊர். 1990இல் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. அங்கே இப்போது வீடு இல்லை, அத்திவாரம் கிடக்கிறது என்றா.

ஒக்டோபர் 30

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடிகாமத்துக் கதையை நானும் அவவும் இத்தனை வருசத்தில் கதைத்ததே இல்லை, இன்றும் கதைக்கவில்லை. "அந்த மனிசிக்கு நல்ல சீலை இருக்கோ?" என்று மட்டும் கேட்டா. அலுமாரியைத் திறந்து ஒரு பச்சைச் சீலையை எடுத்து வைத்தா.

முறைப்பாடு பதிந்தாயிற்று. நாளைக் காலை நானும் அந்த மனிசியும் அவவின் ஊர் விதானையாரிடம் போகிறோம், முதல் பஸ். ஸ்ரூடியோவில் சிரிக்கலாமோ என்று அந்த மனிசி கேட்டா. ஐடிப் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்றேன்.