வழக்கம் மாறினால் நியாயமும் மாறுமா?

மெய்யியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே அறவியலுக்குத் தாவிவிடுகிறார்கள். எது சரி, எது தவறு என்று பேச ஆசை வருவது இயல்புதான். ஆனால் அதற்கு முன் கொஞ்ச நாள் தருக்கத்தோடு, அதாவது வாதங்களைச் சோதிக்கும் முறையோடு இருங்கள். சரி, தவறு ஊருக்கு ஊர் மாறும் என்னும் சார்புவாதம்தான் முதல் பள்ளம். அதைத் தாண்டத் தருக்கம்தான் உதவும்.

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்தே தொடங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ‘தடைக்காலம் என்றால் வஞ்சிரம் விலை ஏறும்’ என்பதை எடுகோளாக வைத்துக்கொள்வோம். ‘இது தடைக்காலம், ஆகவே விலை ஏறியிருக்கும்’ என்பது செல்லும், அதாவது காரணங்களிலிருந்து முடிவு தப்பாமல் வரும். ‘விலை ஏறவில்லை, ஆகவே தடைக்காலம் இல்லை’ என்பதும் செல்லும். ‘விலை ஏறியிருக்கிறது, ஆகவே தடைக்காலம்’ என்பது செல்லாது. புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையில் நின்றாலும் விலை ஏறுமே! ‘தடைக்காலம் இல்லை, ஆகவே விலை ஏறாது’ என்பதும் அதே காரணத்தால் விழுந்துவிடும்.

அதிகம் பேர் ஏமாறுவது மூன்றாவதில்தான். மே மாதத்தில் சொன்னால் அந்த முடிவு உண்மையாகவே இருக்கும், அதனால் வாதமும் சரியென்று தோன்றிவிடும். காரணங்கள் அத்தனையும் உண்மையாக இருந்தும் முடிவு மட்டும் பொய்யாகிற ஒரு நிலைமை இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வாதம் செல்லாது.

வாதத்தின் வடிவம் சரியாக இருந்தாலும் காரணமே போலியாக இருக்கலாம். மணிமேகலையின் 29ஆம் காதை இதை விரிவாகப் பேசுகிறது. இந்த மலையில் நெருப்பு உண்டு (பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று), புகை இருப்பதால் (ஏது, அதாவது காரணம்), அடுக்களையைப் போல (திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு) என்று உறுப்புகளைச் சொல்லி, அவை ஒவ்வொன்றிலும் வரும் போலிகளையும் வகைப்படுத்துகிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் புகை தெரிந்தால் நெருப்பு என்று சொல்வது சரி. எண்ணூர்ப் பக்கம் மின் நிலையத்தின் அகன்ற குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது புகையே அல்ல, நீராவி குளிர்ந்து உண்டாகும் நுண்துளிகள். அங்கே ஏதுவே இல்லாமல் போகிறது.

இப்போது சார்புவாதம். ‘ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஆகவே எல்லோருக்கும் பொதுவான சரி, தவறு கிடையாது.’ இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு வரி காணாமல் போயிருக்கும்: ‘வழக்கம் மாறினால் சரி, தவறும் மாறும்.’ நிரூபிக்க வேண்டியதே அந்த வரிதான். அதைச் சொல்லாமலே நழுவ விட்டுவிடுகிறோம். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பின்னால் மாறியது, கிருமி மாறவில்லை. தவிர, வழக்கம் வேறாக இருந்தாலே மதிப்பும் வேறு என்று ஆகிவிடாது. ஒரு வீட்டில் புதைக்கிறார்கள், அடுத்த வீட்டில் எரிக்கிறார்கள். செத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதில் இரண்டு வீட்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம், வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டியதாக வழக்குத் தொடுத்தது. சங்கத் தலைவர் பி.பி. வாடியாவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைப் பாதுகாத்தது. சமூகம் ஏற்பதே நியாயம் என்றால், தடையாணை வந்த நாளில் வாடியா செய்தது தவறு, 1926க்குப் பிறகு அதுவே சரி. அப்படியானால் அந்தத் தொழிலாளர்கள் ‘இது அநியாயம்’ என்று கத்தியபோது பிழையாகவா பேசினார்கள்? சார்புவாதி ஆம் என்றுதான் சொல்லியாக வேண்டும். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

‘பிறர் வழக்கத்தை மதிக்க வேண்டாமா?’ என்பார்கள். வேண்டும்தான். ஆனால் அந்த ‘வேண்டும்’ எல்லோருக்கும் பொருந்துமா, சொல்பவரின் ஊருக்கு மட்டுமா? எல்லோருக்கும் என்றால் பொதுவான ஒரு அறத்தை அவரே ஒப்புக்கொண்டாயிற்று. அது எதன்மேல் நிற்கிறது, விளைவின்மேலா, கடமையின்மேலா, குணத்தின்மேலா என்று தேடப் போகும்போதுதான் அறவியல் பாடமே ஆரம்பிக்கிறது.