ஹெக்கர் நடந்த வழி, பட்டாளம் வந்த ரயில்

1848-இல் ஜெர்மனியின் தென்மேற்கிலிருந்த பாடன் அரசுக்கு எதிராகப் புரட்சிப் படை நடத்திய பிரீட்ரிக் ஹெக்கரின் தடம் பார்க்க வருகிறவர்கள் ஹைடல்பர்க்கில் இறங்கிவிடுகிறார்கள். அங்கே அவர் சட்டம் படித்தார், அவ்வளவுதான். மான்ஹைமில் வக்கீலாக இருந்து 1842-இல் பாடன் சட்டசபைக்குப் போன இவரை அரசுக்கு எதிரான ஆளாக நிறுத்திய ஊர் ஆஃபன்பர்க். பயணத்தை அங்கே தொடங்குங்கள்.

ஸ்டேஷனிலிருந்து பழைய நகருக்குள் நடந்தால் ஸால்மன் விடுதி. 1847 செப்டம்பர் 12 அன்று இதன் கூடத்தில்தான் அரசிடம் வைக்கும் 13 கோரிக்கைகள் தீர்மானமாயின: பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, வருமானத்துக்கு ஏற்ற வரி, மக்கள் படை. அதே கூடம் 1875 முதல் யூதர்களின் தொழுகைக்கூடமாக இருந்தது. 1938 நவம்பரில் நாஜிகள் சூறையாடினார்கள். இப்போது நினைவிடம். எல்லா நாளும் திறந்திருக்காது, முன்கூட்டியே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அவர் படையோடு கிளம்பிய கோன்ஸ்டன்ஸ். ஆஃபன்பர்க்கிலிருந்து கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) ரயிலில் நேராகப் போகலாம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு நாள் பாடன்-வூர்ட்டம்பர்க் டிக்கெட் போதும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது, ஐசி (இன்டர்சிட்டி விரைவு) ரயிலிலும் ஏறாதீர்கள். சுரங்கங்களில் பெரும்பாலானவை ஹோர்ன்பர்க்குக்கும் சாங்க்ட் கியோர்கனுக்கும் இடையில் வரும்.

ஹெக்கருக்கு இந்த வசதி இல்லை. கருங்காட்டுப் பாதை முழுதாகத் திறந்ததே 1873-இல். ஆனால் ரைன் பள்ளத்தாக்கில் ரயில் ஏற்கெனவே ஓடியது, அது அரசின் கையில் இருந்தது. 1848 ஏப்ரல் 8 அன்று கார்ல்ஸ்ருஹே ஸ்டேஷனில், ஹெக்கரின் கூட்டாளி யோசஃப் ஃபிக்லரைப் பிடித்துக் கொடுத்தவர் முன்னாள் தோழர் கார்ல் மாத்தி. அந்தக் கைதுதான் ஹெக்கரைக் கிளர்ச்சிக்கு அவசரப்படுத்தியது. பிடிபடாமலிருக்க பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று சுற்றிக் கோன்ஸ்டன்ஸ் சேர்ந்தார்.

ஏப்ரல் 13 அன்று அங்கிருந்து கிளம்பியபோது கூட வந்தவர்கள் சில பத்துப் பேர்தான். போகப்போக ஆயிரக்கணக்கில் சேருவார்கள் என்பது கணக்கு. எங்கேன், ஷ்டூலிங்கன், போண்டார்ஃப், பெர்னாவ், ஷாஃப்ஹைம் என்று ஒரு வாரம், மழையிலும் பனியிலும் நடை. கூட்டாளி ஸீகலின் படை வேறு வழியில், வெளிநாட்டிலிருந்து கவிஞர் ஹெர்வேக் திரட்டிய படை ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒன்றுக்கொன்று சேதி போய்ச் சேரவில்லை. அரசுப் படைக்கோ 1847-லேயே ஷ்லீங்கன் வரை தண்டவாளம் போட்டாயிற்று. அங்கிருந்து, இரு படைகளும் மோதிய காண்டர்ன் பத்துக் கிலோமீட்டருக்குள். வரைபடத்தில் இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பார்த்தால், வீரத்தைப் பற்றிய பேச்செல்லாம் பிறகுதான்.

காண்டர்னுக்கு வழக்கமான ரயில் இல்லை, லோராக்கிலிருந்து பஸ். ஊர்ப் பாலத்தில் ஹெக்கரும் அரசுப் படைத் தளபதி பிரீட்ரிக் ஃபான் காகர்னும் பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. ஸ்டைனன் போகும் சாலையில் ஷைடெக் மேடு வரை ஏறுங்கள். ஏப்ரல் 20 அன்று நடந்த மோதலில் காகர்ன் சுடப்பட்டு இறந்தார். புரட்சிப் படை சிதறியது. அது பெரிய வியாழன். அதே வாரத்தில் போக ஆசைப்பட்டால், பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் விடுமுறை என்பதை மறக்காதீர்கள்: பஸ் குறையும், கடை திறக்காது. மறுபக்கம் இறங்கினால் ஸ்டைனனில் சுவிட்சர்லாந்தின் பாஸலுக்கு ரயில் கிடைக்கும்.

ஹெக்கர் தப்பிப் போய்த் தங்கியது பாஸலை ஒட்டிய முட்டன்ஸில். 14-ஆம் எண் டிராம் போகிறது. ஜெர்மன் டிக்கெட் பாஸல் பாடிஷர் ஸ்டேஷனோடு சரி, டிராமுக்குத் தனியாக எடுக்க வேண்டும். செப்டம்பரில் அங்கிருந்து கிளம்பி அமெரிக்கா. இல்லினாயில் பண்ணை வைத்தார், உள்நாட்டுப் போரில் 82-ஆவது இல்லினாய் படைப்பிரிவை நடத்திச் சான்ஸலர்ஸ்வில்லில் காயப்பட்டார், 1881-இல் சம்மர்ஃபீல்டில் இறந்தார். 1873-இல் ஒருமுறை ஜெர்மனிக்கு வந்துபோனார். கருங்காட்டுப் பாதை திறந்த அதே வருஷம்.