தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும்

போன மாதம் எங்கள் கிணற்று மோனோபிளாக் மோட்டாரை (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது, 5 எச்.பி., மூன்று பேஸ்) காயில் கட்டி வாங்கி வந்து மாட்டினோம். ஓடியது, தண்ணீரும் வந்தது. ஆனால் மேட்டுத் தொட்டிக்கு ஏற வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி ஒழுகியது, பாதி நேரம் அதுவும் இல்லை.

முதலில் ஃபுட் வால்வில்தான் (பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) சந்தேகம். கிணற்றில் இறங்கிப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன் (அந்தப் பணம் தண்டம்). அப்புறம் காற்று இழுக்கிறதோ என்று சக்‌ஷன் பைப் ஜாயின்ட் எல்லாம் பிரித்து மாட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். அதே ஒழுகல்தான்.

கடைசியில் பம்பின் மேல்கூடான கேசிங்கைக் கழற்றினேன். உள்ளே சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தேயவும் இல்லை, அடைப்பும் இல்லை. அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கேட்டார்: "ஏன்டா, இது எந்தப் பக்கம் சுத்தோணும்?"

கரண்டி மாதிரி குழிந்த பக்கம் முன்னால் போய்த் தண்ணீரை அள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நேர் எதிர். இறக்கைகள் சுற்றும் திசைக்குப் பின்னோக்கி வளைந்திருக்கும், புடைத்த பக்கம்தான் முன்னால் போகும். இம்பெல்லர் அள்ளுவதில்லை, நடுவில் நுழையும் தண்ணீரை வெளிப்பக்கமாக வீசி எறிகிறது. நிமிடத்துக்கு 2,880 சுற்று என்றால் 15 செ.மீ. விட்டமுள்ள இம்பெல்லரின் விளிம்பு நொடிக்குச் சுமார் 22.6 மீட்டர் வேகத்தில் போகும். அப்படி வேகமாக வீசப்படும் தண்ணீர், நத்தைக்கூடு போல அகன்றுகொண்டே போகும் கேசிங்கில் வேகம் குறையும்போது அழுத்தம் ஏறும், அதுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. நடுவில் அழுத்தம் குறைவதால் கிணற்றுத் தண்ணீரை வெளிக்காற்றின் அழுத்தம் மேலே ஏற்றிவிடுகிறது.

சரி, தலைகீழாகச் சுற்றினால்? அப்போதும் வெளியேதான் வீசும், அதே டெலிவரி பைப்பில்தான் வரும், அளவும் உயரமும்தான் அடிவாங்கும். தண்ணீர் வருகிறதே என்று நான் ஏமாந்தது இதில்தான்.

கேசிங்கைத் துடைத்துப் பார்த்தால் பெயின்ட்டுக்கு அடியில் ஓர் அம்புக்குறி. எல்லாம் மாட்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தி, பின்பக்க ஃபேனைப் பார்த்தோம். அம்புக்கு எதிர்த்திசை. மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டை எலக்ட்ரீஷியன் இடம் மாற்றினார், ஐந்து நிமிட வேலை. தொட்டியில் தண்ணீர் பழையபடி கொட்டியது.

பழைய ஃபுட் வால்வ் நன்றாகத்தான் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?