மாஸ்டர் கேட்ட கேள்வி

"எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு என்னைய எதுக்குங்க சார் வெச்சிருப்பீங்க?"

ஷேடு கரெக்‌ஷன் குறிப்புகளை, அதாவது சாய நிறத்தைச் சரிசெய்யும் விவரங்களை, ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னதற்கு சாயம் போடும் வேலையைப் பார்க்கும் டையிங் மாஸ்டர் இப்படிக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. "அப்படியெல்லாம் ஆகாதுங்க மாஸ்டர்" என்பதுதான் என் பதில். ஆனால் சம்பளத்தையும் ஆளையும் முடிவு செய்பவர் முதலாளி, புரொடக்‌ஷனில் இருக்கும் நான் இல்லை. அது மாஸ்டருக்கும் தெரியும்.

திருப்பூர் சாயப்பட்டறையில் லேப் ரெசிபி (எந்தச் சாயம் எவ்வளவு என்ற கணக்கு) ரகசியமே இல்லை, கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதை எப்போது மீறவேண்டும் என்பதுதான் மாஸ்டர் கையில் இருப்பது. லேப்பில் 1:10 லிக்கர் ரேஷியோவில் (ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர்) எடுத்த ஷேடு, பட்டறையின் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 1:6-ல் ஓட்டினால் அழுத்தமாக விழும். சாயத்தை எவ்வளவு குறைப்பது என்பது கலருக்குக் கலர் மாறும். சாயம் துணியில் ஏறுவதற்காக விடும் உப்பு அடுத்த தலைவலி. 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது. சுத்திகரிப்பில் மீளும் உப்புத் தண்ணீரான பிரைனையே பல யூனிட்டுகள் திரும்பச் சாயத்துக்கு விடுகின்றன. அதில் காரம் மிச்சமிருந்தால் சாயத்தைப் பிடிக்கவைக்கும் சோடா ஆஷ் விடும் முன்பே சாயம் துணியைப் பிடிக்கத் தொடங்கிவிடும். துணி திட்டுத்திட்டாக வரும். அதனால் மாஸ்டர் முதலில் பாத்தின் (சாயத் தண்ணீரின்) பிஎச் பார்ப்பார். 7-க்கு மேல் இருந்தால் அசிட்டிக் ஆசிட் விட்டு 6.5 பக்கம் இறக்குவார். துணியை வெளுக்க விட்ட பெராக்சைடைப் போக்கும் கில்லரை ஓட்டிய பிறகும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்ப்பார். பெராக்சைடு மிச்சம் இருந்தால் ஷேடு மெலிந்துவிடும்.

இதையெல்லாம் எழுதிவிடலாம். எழுத வராதது வேறு. பாத்திலிருந்து வெட்டிய சாம்பிளைச் சோப்பில் அலசி, அயர்ன் வைத்துக் காயவைத்து, லைட் பாக்ஸில் டி65-லும் (பகல் வெளிச்சம்) டிஎல்84-லும் (கடை விளக்கு) திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் சோப்பிங்ல இறங்கும், விடு" என்கிறாரே, சோப்பில் அலசும்போது நிறம் இன்னும் எவ்வளவு குறையும் என்ற அந்தக் கணிப்பு.

அதனால்தான் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள் என்று நோட்டை நீட்டினால் யாராலும் எழுத முடிவதில்லை. ஒவ்வொரு லாட்டோடும் போகும் பேட்ச் கார்டில் ஒரே ஒரு கட்டம் போதும்: ரெசிபியில் என்ன மாற்றினீர்கள், ஏன். மாற்றிய அந்த நிமிடமே எழுதவேண்டும். மாஸ்டர் சொல்லச் சொல்ல ஹெல்ப்பர் எழுதினாலும் சரி. சோப்பிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த துண்டுகளைப் பக்கத்தில் பின் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வெறும் சொல்லை வைத்து அடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் லைட் பாக்ஸ் முன் நின்று, கெட்டுப்போன லாட்டை முதலில் பேசவேண்டும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் நிர்வாகம்தான். டாப்பிங் (ஷேடு சேராமல் மறுபடி சாயம் விடுவது) போனால் ஷிஃப்ட்டின் இன்சென்டிவ் குறையும் என்று வைத்தால் எல்லாக் கார்டிலும் "துணி சரியில்லை" என்றுதான் இருக்கும். அந்தக் கட்டத்துக்கும் சம்பளக் கணக்குக்கும் தொடர்பே இருக்கக்கூடாது.

இத்தனையும் சரி. மாஸ்டர் கேட்டதற்கு இதில் பதில் இல்லை.

அவர் ஒருநாள் படுத்துவிட்டால் டாப்பிங் இரண்டு மூன்று தடவை போகிறது. ஒவ்வொன்றுக்கும் நீராவி, மெஷின் நேரம், சுத்திகரிக்க ஆர்ஓவுக்குப் போகும் தண்ணீர் என்று செலவு ஏறுகிறது, டெலிவரி தள்ளுகிறது. ஒருவர் தலையில் மட்டும் இருக்கும் வேலையை நம்பி இத்தனை குடும்பங்கள் இருக்கக்கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் ஹெல்ப்பராக நுழைந்து, சாயப் பொடியில் மூக்கடைத்து, ஒவ்வொரு மாஸ்டரின் கையையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது அது. அவரிடம் விற்க இருப்பதும் அது ஒன்றுதான். கார்டைப் படித்துத் தேறிய பையனைப் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு மூத்தவரை அனுப்பும் கதை இந்த ஊருக்குப் புதிதா?

கார்டில் அந்தக் கட்டத்தைத் தொடங்கும் முன்பே மாஸ்டரின் சம்பளத்தையும், கற்றுக்கொடுப்பதற்கான தனிப் படியையும் முதலாளி எழுத்தில் தரவேண்டும் என்பது என் கட்சி. கார்டுகள் நிரம்பி, பையன்களும் தேறிய பிறகு அந்த எழுத்தை யார் மதிப்பார்கள் என்று மாஸ்டர் கேட்டால், அதற்கும் "அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்றுதான் சொல்ல வரும் போலிருக்கிறது.